வேல்விழிக்குக் கை சுளுக்கு

பக்கத்து வீட்டு மிஸ்ரியாவின் செல்போன் மாதத்தின் நடுவில் 'டிங்' என்றால் போதும், வேல்விழிக்கு வயிறு பற்றி எரியும். அரசாங்கம் போடுகிற உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அவளுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வேல்விழிக்கு அந்தப் பணம் கிடையாது. கணவர் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"அவ புருசன் குத்தாலத்துல சிப்ஸ் கடை போட்டிருக்கான். நீங்க அங்கன குளிக்க வாரவனுக்கு எண்ணெய் தேச்சு விடுதீய. அவளுக்கு உண்டு, எனக்கு இல்லையாம்."

"மனு வாங்குன முகாம்ல நீ என்னட்டி சொன்ன?" என்றார் கணவர் குற்றாலிங்கம்.

வேல்விழி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நடந்தது அவளுக்குத்தானே தெரியும். முகாமில் மிஸ்ரியா முன்னால் நின்றாள். சீசன் மூன்று மாதம்தான் கடை, சாரல் நின்றதும் கணவர் சமீர் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கப் போய்விடுவார் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். அடுத்து வேல்விழி. மிஸ்ரியா கேட்டுக்கொண்டு நிற்கும்போது இவளுக்குக் குறைத்துச் சொல்ல வாய் வருமா? "எங்க வீட்டுக்காரவ ஒரு நாளைக்கு ஆயிரம் ரூவா சம்பாதிக்காவ" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். சீசன் பேச்சையே எடுக்கவில்லை. மனுவை எழுதியவர் அதை வருடம் முழுவதற்கும் பெருக்கிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, மகளுக்குச் சீருடை தைக்கக்கூடக் கையில் காசில்லை. இந்த நேரத்தில் மிஸ்ரியா புது மிக்ஸி வாங்கினாள்.

அன்றைக்கே வேல்விழி ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினாள். கடை வருமானத்தை மறைத்து மிஸ்ரியா உதவித்தொகை வாங்குகிறாள் என்று. எட்டு வருடமாக மகளிர் குழுவின் தீர்மான நோட்டை எழுதுகிற கை, எழுத்து முத்து முத்தாக வந்தது. வாராவாரம் அந்த எழுத்துக்குக் கீழேதான் மிஸ்ரியா கையெழுத்துப் போடுவாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பத்தாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். அவர் மிஸ்ரியா வீட்டுக்குள் இருந்த அரைமணி நேரமும் வேல்விழி பெருக்கிய வாசலையே பெருக்கிக்கொண்டிருந்தாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

வெளியே வந்தவர் நேரே இவளிடம் வந்தார்.

"அவங்க மேல வந்த புகார்க் கடிதாசி பொய்ம்மா. எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உங்க மனுவிலதான் தப்பு. சீசன் வருமானத்தை வருசத்துக்கும் கணக்குப் போட்டுட்டாங்க. மேல்முறையீடு பண்ணினா உங்களுக்கும் கிடைக்க வாய்ப்பிருக்கு."

"யார் சார் இதைச் சொன்னா?"

"மிஸ்ரியாதான். உங்க வீட்டு நிலைமையையும் சொன்னாங்க."

வேல்விழி துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "அந்தக் கடிதாசியை அவகிட்ட காட்டுனீங்களா சார்?"

"காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாங்க. யார் எழுத்துன்னு தெரியலைன்னு சொல்லிட்டாங்க."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதிகாரி கோப்பைத் திறந்தார். மேலேயே அந்த மொட்டைக் கடிதாசி இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி, "இப்பவே எழுதித் தந்திருதேன் சார்" என்று அவள் பேனாவை எடுக்க எழுந்தாள்.

"வேண்டாம்மா, உட்காருங்க" என்று இன்னொரு தாளை நீட்டினார் அவர். "உங்களுக்குக் கை சுளுக்கு, பேனாவே பிடிக்க முடியாதுன்னு சொல்லி மிஸ்ரியாவே எழுதிக் கொடுத்துட்டாங்க. நீங்க கைநாட்டு மட்டும் வச்சாப் போதுமாம்."