உடைந்த கோரைப்பல்

“எல்லாப் பல்லையும் புடுங்கிருங்க டாக்டர். இல்லன்னா ஊசி போட்டு முடிச்சிருங்க” என்றார் நாயின் சொந்தக்காரர். மனைவி மேல் கை ஓங்கியபோது அது அவரைக் கடித்துவிட்டதாம். சாகடிப்பதற்கு இது தேவலை என்று நான் மயக்கம் கொடுத்துப் பற்களை எடுத்தேன். மேல்வரிசைக் கோரைப்பல் ஒன்று ஏற்கெனவே பாதி உடைந்திருந்தது. அது அவர் உதைத்ததில் போனது. வேர்த் துணுக்குகூட மிச்சமில்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே ஈறுகளைத் தைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தையலைக் காட்டக் கணவனும் மனைவியும் நாயோடு வந்தார்கள். ஈறுகள் பச்சைக் குழந்தையின் வாய்போல வழவழவென்று ஆறியிருந்தன. மனைவியின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“நேத்து மறுபடியும் கடிச்சிருச்சு. என்னத்தப் புடுங்கினீங்க?”

“அதுக்குத்தான் பல்லே இல்லையேங்க” என்றாள் மனைவி, நாயின் தலையைத் தடவிக்கொண்டே.

அவர் கையிலிருந்த காயத்தைக் கழுவினேன். நான்கு கோரைப்பற்களின் தடம் இருந்தது. மூன்று ஆழமாக இறங்கியிருந்தன. உடைந்த பல் பட வேண்டிய இடத்தில் மட்டும் பாதி ஆழம்தான்.