தண்ணீருக்கு ஒரு தட்டு

"ஏங்க, நான் இதைக் கேக்கலையே! வெறும் தண்ணிதானே கேட்டேன்?"

நெரேயாவின் குரல் அவளே நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கடையில் இருந்த நாலைந்து பேரும், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முன்னால் ஒரு தட்டு. பொரித்த கத்திரிக்காய், மேலே தேன். கொண்டுவந்து வைத்தவர் கடைக்காரர் அன்செல்மோ. சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் போலிருந்தது.

கூட வந்த கிளாராவும் எலோயும் ஆளுக்கு ஒரு பீர் வாங்கியிருந்தார்கள். மூவரும் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரே வகுப்பு. சனி, ஞாயிறு சுற்ற கிரனாதாவைத் தேர்ந்தெடுத்ததே கிளாரா சொன்ன ஒரு காரணத்துக்காகத்தான்.

"அந்த ஊர்ல குடிக்க ஒண்ணு வாங்கினா தின்ன ஒரு தட்டு ஓசி. ரெண்டு நாளும் சாப்பாட்டுச் செலவே கிடையாது!"

அந்தக் குடிக்கிற ஒன்றுக்கும் நெரேயாவிடம் காசு இல்லை. அல்ஹம்ப்ரா கோட்டை டிக்கெட்டுக்கும் விடுதிப் படுக்கைக்கும் கொடுத்ததோடு பர்ஸ் காலி. திரும்பிப் போக பஸ் டிக்கெட் மட்டும் பத்திரமாக இருந்தது.

இதை நண்பர்களிடம் சொல்வதைவிடப் பட்டினி கிடக்கலாம். போன மாதம் ஒரு காபிக்கு கிளாரா காசு கொடுத்தாள். கொடுத்துவிட்டு எலோயிடம், "பாவம்டா அவ" என்றாள். அந்தப் 'பாவம்' இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அதனால்தான், "வயிறு சரியில்ல, தண்ணி போதும்" என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது இந்த மனுஷன் தட்டை வைத்துக் காட்டிக்கொடுத்துவிடுவார் போலிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. பிச்சை வாங்கித் தின்ன நான் வரல!"

அன்செல்மோ நிமிரக்கூட இல்லை. கவுண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்தாம்மா, சும்மா கத்தாத. ஒரு கிளாஸுக்கு ஒரு தட்டு. கிளாஸுக்குள்ள என்ன இருக்குன்னு நான் எட்டிப் பாக்கறதில்ல. ஊர் வழக்கம். பிடிச்சா தின்னு, பிடிக்கலேன்னா விடு."

எலோய் விழுந்து விழுந்து சிரித்தான். "அடிப்பாவி! தண்ணிக்கே தட்டா? காசு குடுத்து பீர் வாங்கின நாங்கதான் முட்டாளுங்க!"

"வயிறு சரியில்லேன்ன?" என்றாள் கிளாரா.

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல."

நேற்று மதியத்துக்குப் பிறகு அவள் வாயில் படும் முதல் சாப்பாடு அது. தட்டு காலியானது. இன்னொரு தண்ணீர் கேட்டாள். பொரித்த மீன் வந்தது. மூன்றாவது தண்ணீருக்கு ஒரு மண் கிண்ணம் நிறையப் பருப்பும் இறைச்சியும், கூடவே பெரிய ரொட்டித் துண்டும். மற்ற இருவருக்கும் அப்போது வந்தது நாலு ஆலிவ் காய்தான்.

"பாரேன், இவளுக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு!" என்றாள் கிளாரா.

வயிறு நிறைந்ததும் நெரேயாவுக்கு வாயும் வந்துவிட்டது.

"சாமர்த்தியம் வேணும்டி. ஊர் வழக்கமாம், ஊர் வழக்கம்! சரியான இளிச்சவாயன் கிடைச்சான் நமக்கு."

மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். அன்செல்மோ கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்தது.

தெரு முனை வந்த பிறகுதான் கழுத்தில் சால்வை இல்லாதது உறைத்தது. "இங்கேயே நில்லுங்க, வந்துடறேன்" என்று அவள் மட்டும் திரும்பி ஓடினாள்.

வாசலில் கால் வைக்கும்போது உள்ளே பேச்சு கேட்டது. அந்தப் பேப்பர் கிழவர் இப்போது கவுண்டர் பக்கம் வந்திருந்தார்.

"எனக்கும் ஒரு தண்ணி, ஒரு தட்டு குடுப்பா."

"தண்ணிக்குத் தட்டா? யோவ் ஃபெர்மின், இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவன், உனக்குத் தெரியாது? பீருக்கு உண்டு, ஒயினுக்கு உண்டு. பச்சத் தண்ணிக்கு எவன்யா தட்டு வைப்பான்?"

"அந்தப் பொண்ணுக்கு வச்சியே? கடைசியா வச்சது உன் பொண்டாட்டி உனக்குக் குடுத்தனுப்பின மதியச் சாப்பாடு. நான் பாத்துட்டேன். அதையும் தின்னுட்டு உன்னை இளிச்சவாயன்னுட்டுப் போறா!"

"விடுய்யா. மூணு பேர் வந்து அதுல ஒருத்தி மட்டும் வயித்து வலின்னா, அது என்ன வலின்னு எனக்குத் தெரியாதா? கூட இருக்கறவங்க முன்னாடி அந்தப் பொண்ணு தலை குனிய வேணாமேன்னு..."

அப்போதுதான் வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

திருடும்போது பிடிபட்டவர் மாதிரி விழித்தார். மறு நொடி, ஒரு கிளாஸ் தண்ணீரையும் ஒரு தட்டு மீனையும் கிழவர் முன்னால் டங்கென்று வைத்தார்.

"இந்தாய்யா! ஒரு கிளாஸுக்கு ஒரு தட்டு. ஊர் வழக்கத்தை மாத்த நான் யாரு?"

கிழவர் திரும்பிப் பார்த்தார். புரிந்துகொண்டார். "ஆமாமா, எங்கப்பன் காலத்துலேருந்தே தண்ணிக்கு மீன்தானே!" என்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

நெரேயா சால்வையை எடுத்துக்கொண்டாள். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. இளிச்சவாயன் என்று சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தெரு முனையில் எலோய் கண்ணடித்தான். "என்ன, இளிச்சவாயன் இன்னொரு தட்டு குடுத்தானா?"

"அவரை அப்படிச் சொல்லாத."

"ஏய், நீதானேடி சொன்ன!"

நெரேயா இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. காசுதான் இல்ல. அது அவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."