முதுகு கிழிந்த கோட்டு

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாராவி பழந்துணிக் கடைக்கு வேலைக்கு வந்த செல்வமேரி, வந்ததும் முதல் காரியமாக விற்பனைக்குக் கிடந்த ஒரு கறுப்புக் கோட்டை மூட்டைக்கடியில் ஒளித்து வைத்தாள்.

கல்யாணத்துக்குக் கோட்டு தேடி வந்த ஒருவன் மூட்டையைக் கிளறி அதை உருவிவிட்டான்.

"மௌசி, இது எவ்வளவு?" என்று அவளிடம் இந்தியில் கேட்டான்.

செல்வமேரி பாய்ந்து பிடுங்கினாள். கத்தரியை எடுத்து, முதுகுப்பக்கத்தைக் கழுத்திலிருந்து அடிவரைக்கும் வெட்டிக் கிழித்தாள். வந்தவன் மிரண்டு போய்விட்டான்.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" கடை முதலாளி பூதத்தான் கத்தினார்.

"இனி இத யாரும் வாங்க மாட்டாவ. எனக்கே தந்துருங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு நாலு மணிக்குக் கோயிலுக்குப் போவணும்."

"இத மாட்டிக்கிட்டா? முதுகு பூராத் தெரியுமேளா!"

"பொட்டிக்குள்ள மல்லாக்கக் கெடக்கவரு முதுக யாரு அண்ணாச்சி பாக்கப் போறா?"