புகை வருகிறவரை

பின்வீட்டு டீச்சர் அன்றைக்கும் மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்.

“உங்க புகைபோக்கி பண்ற வேலைக்கு நான் அவஸ்தைப்பட முடியாது. சாயங்காலத்துக்குள்ள வேணும்.”

பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

சலவைக்கடையில் புதிதாகப் பங்குதாரராகச் சேர்ந்திருந்த கடைக்காரரின் மைத்துனன் மூட்டையைப் பிரித்தான். எல்லாம் படுக்கை விரிப்புகள்.

“இதுல எங்க அத்தான் கரி இருக்கு? மருந்து கொட்டின கறை இது. நம்ம தலைல நல்லா மிளகாய் அரைக்கறாங்க.”

“போகட்டும் மாப்ள, மிஷின்ல போடு” என்றார் அத்தான்.

இந்த ஓசிச் சலவை, டீச்சர் முன்பு தெருச் சங்கத்தைக் கூட்டி வாங்கிய தீர்ப்பு. அப்போது கடையில் நிலக்கரி பாய்லர். பின்வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போகும். காற்றைக் கெடுக்கிறவர்தான் அதற்கான செலவையும் ஏற்கவேண்டும் என்று டீச்சர் அடித்துப் பேசினார். புகைபோக்கியில் புகை வருகிறவரை அவர் வீட்டுத் துணிக்குக் காசு வாங்கக்கூடாது என்று முடிவானது.

பிறகு நகராட்சி கரிப்புகைக்கு வரி போட்டது. அத்தான் பழைய பாய்லரை இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டு மின்சார பாய்லர் வாங்கினார். மைத்துனன் போட்ட பணம் அதற்குத்தான் போனது. புகைபோக்கி மட்டும் வெறுமனே நின்றது. ஆனாலும் மூட்டை வருவது நிற்கவில்லை.

அந்த வாரம் நகராட்சி ஆள் வேறு வந்து நின்றார். காலை நேரத்தில் இந்தக் கடையிலிருந்து புகை வருகிறதாமே, புகைவரியை எப்படி நீக்குவது என்று கேட்டார். அத்தான் பாய்லரைக் காட்டுவார் என்று பார்த்தால், கட்டிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மைத்துனனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓசிச் சலவைக்காக டீச்சர் பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார். வேறு யார்? விடிந்ததும் அவரை வாசலுக்குக் கூப்பிட்டு, அண்ணாந்து பாருங்கள், எங்கே புகை என்று கேட்டுவிடுவதென்று கிளம்பினான்.

தெருமுனை திரும்பும்போதே தெரிந்தது. புகைபோக்கியில் புகை.

மொட்டைமாடிக்கு ஓடினான். அத்தான் குந்தி உட்கார்ந்து, புகைபோக்கியின் ஓட்டைக்குள் ஈர அட்டையைப் பற்றவைத்துத் திணித்து ஊதிக்கொண்டிருந்தார்.

“அத்தான், உங்களுக்கு என்ன பைத்தியமா?”

“மெதுவாப் பேசு.” இருமி முடிக்கச் சற்று நேரம் ஆனது.

டீச்சரின் கணவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டாராம். தினமும் விரிப்பு மாற்றவேண்டும். டீச்சருக்கோ மணிக்கட்டு வீங்கி, துணி பிழிய முடிவதில்லை.

“சும்மா துவைச்சுத் தர்றேன்னா நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க மாப்ள. நஷ்டஈடுன்னா, சண்டை போட்டு வாங்கிக்குவாங்க.”

“அந்த வரி?”

“புகை விடறவன் நான். நான் கட்டிக்கறேன். உன் பங்குல கை வைக்கல.”

மைத்துனன் இறங்கி வந்தான். மூட்டையோடு டீச்சர் நின்றிருந்தார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது. இரண்டு கையாலும் மூட்டையை வாங்கிக்கொண்டான்.

“மேல பாருங்க டீச்சர், இன்னைக்கும் புகைதான். மன்னிச்சுக்குங்க.”

டீச்சர் மேலே பார்க்கவில்லை. அவனையே பார்த்தார். மாடியிலிருந்து இருமல் கேட்டது.

“எங்க ஜன்னல்ல நின்னா உங்க மாடி நல்லாத் தெரியும், தம்பி” என்றார் மெல்ல. “ஈர அட்டையை ஊதி ஊதி உங்க அத்தானுக்கு நெஞ்சு கெட்டுடப் போகுது. நாளையிலேருந்து வேண்டாம்னு சொல்லுங்க. புகை வந்ததா நானே வெச்சுக்கறேன்.”

இரண்டடி போனவர் திரும்பினார்.

“துணி சாயங்காலத்துக்குள்ள வேணும்.”