மாமாவின் இடது கை

"ஊசின்னா பயமாடா?" என்றாள் அக்கா.

"இல்ல."

தம்பி டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். மீசை வைத்த வாலிபன். அவன் இடது உள்ளங்கையில் ரத்தக்குழாய்கள் பின்னிப் புடைத்து, எப்போதும் சூடாகத் துடிக்கும். அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது, சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனோ ஒரே பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான்.

"மயக்க மருந்து குடுப்பாங்க. வலிக்காதுடா."

"தெரியும்."

"அப்புறம் என்னடா உனக்கு?"

"சூடு போயிடுமாம். துடிப்பும் நின்னுடுமாம்."

"நல்லதுதானே?"

அக்காவின் குழந்தை விழித்துக் கிடந்த தொட்டிலை அவன் பார்த்தான். "அப்ப பாப்பா எப்படித் தூங்குவா?"

குழந்தை சிணுங்கும்போதெல்லாம் அவன்தான் அந்தக் கையை அதன் முதுகில் வைப்பான். உடனே தூங்கிவிடும். மாமனுக்குக் கைராசி என்றுதான் அக்கா நினைத்திருந்தாள்.

அவள் குழந்தையைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"இந்தத் தடவை வலது கையை வை."

வைத்தான். குழந்தை நெளிந்தது, முகம் சுளித்தது, பிறகு அவன் சட்டையில் மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போனது.

அவன் கிசுகிசுப்பாகக் கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போகணும்க்கா?"