செவ்வாய்க்கிழமைக்காரி

கண் பரிசோதனை அறையின் கதவு உள்ளே தாழிடப்பட்டு நாற்பது நிமிடமாகிவிட்டது. இரண்டே இரண்டு கண்ணைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று, வெளியே லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு வயிறு எரிந்தது.

உள்ளே இருந்தது அவள் கணவர். கூடவே அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரி. பெயர் தெரியாததால் மனைவியே வைத்த பெயர் அது. வாராவாரம் செவ்வாய், மூன்று மணிக்கு வந்துவிடுவாள். இதுவரை ஒரு கண்ணாடிகூட வாங்கியதில்லை.

நாலு மாதத்துக்கு முன்புவரை அவர் வெறும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முகமூடி போட்டுக்கொண்டு வானத்தில் பறந்து பறந்து ஆட்களைக் காப்பாற்றிய ‘பருந்து’ அவர்தான் என்று கட்டியவளுக்கே தெரியாது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத் தீயில் அந்த முகமூடி கருகி உதிர்ந்தது. யாரோ செல்போனில் பிடித்த அந்த முகம் மாலைக்குள் எல்லா டிவியிலும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. பார்வையில் ஒரு குறையும் இல்லாதவர்களெல்லாம் ஃப்ரேம் பார்க்க வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

“என்னை அப்படியே குழந்தை மாதிரி அள்ளிக்கிட்டாருக்கா!” என்பாள் ஒருத்தி.

“அவரு தோள்லயே நான் மயங்கிட்டேன்” என்பாள் அடுத்தவள்.

ஒரு தடவைக்கு ஓர் ஆளைத்தான் அவரால் தூக்க முடியுமாம். அப்படியானால் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகத்தான் அவரோடு பறந்திருக்கிறாள். அதை நினைத்தாலே மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளும் சும்மா விடமாட்டாள். “அந்த முகமூடி யாருக்காகக் கருகுச்சு தெரியுமா? எனக்காக! ஆறாவது மாடியில பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். புகையில என் கையே எனக்குத் தெரியல. ஜன்னல்லேர்ந்து தூக்கிக் கீழ விட்டாரு பாருங்க, அடுத்த நிமிஷம் மாடியே சரிஞ்சிடுச்சு!”

அதற்குமேல் எவளும் வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமைக்காரி பெருமையும் பேசுவதில்லை, போட்டோவும் கேட்பதில்லை. அதுதான் மனைவியைக் குடைந்தது. போதாததற்கு, அவள் வந்துபோன நாளில் கணவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். கேட்டால், “தெரிஞ்சவங்க, பாவம்” என்பதோடு சரி.

கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தவள், யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கினாள். மனைவி லென்ஸைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

“கொஞ்சம் நில்லுங்க! உங்களை எங்கேர்ந்து தூக்கினாரு? தீயிலேர்ந்தா, தண்ணியிலேர்ந்தா?”

“என்னை அவரு தூக்கவே இல்லைங்க.”

“அப்ப வாராவாரம் கதவைச் சாத்திக்கிட்டு என் வீட்டுக்காரர்கிட்ட என்ன பேச்சு?”

அவள் தயங்கினாள். “உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு.”

“நினைச்சேன்! எத்தனை நாளா நடக்குது இது?”

“அவரு முகம் டிவியில வந்ததுலேர்ந்து. முகமூடியோடவே இருந்திருந்தா நான் யாரைத் தேடிப் போயிருப்பேன்? எந்தக் கதவைத் தட்டியிருப்பேன்?”

“எதுக்குத் தேடணும்? என்னத்தைக் கேட்கணும்?” மனைவி போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. மனைவியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

“அந்த ஜன்னல்ல அன்னைக்கு ரெண்டு பேர் நின்னீங்க” என்றாள். “இன்னொருத்தர் என் வீட்டுக்காரர்.”