மூடிய கதவுக்கு வெளியே

லிங்கராஜபுரத்து வீட்டின் ஹாலில் பகல் வெயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. மூடிய கதவின் முன்னால் கிளாரா தண்ணீர் ஸ்ப்ரேயுடன் குந்தியிருக்கிறாள். உள்ளே அவள் கணவன் ஆரோக்கியம், வயிற்றில் பொருத்திய டியூப் வழியாக டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறான். சாம்பல் நிறப் பூனைக்குட்டி கதவின் அடியில் முன்னங்காலை நுழைக்கிறது. கிளாரா அதன் முகத்தில் பீய்ச்சுகிறாள். அது சீறிப் பின்வாங்கி, மறுபடியும் வருகிறது. "பாவம், விடேன் கிளாரா," என்கிறான் அவன் உள்ளிருந்து. "போன மாசம் இது டியூபைக் கடிச்சு, இன்ஃபெக்‌ஷன்ல பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தது யாரு? நானா?" உள்ளே நாற்காலி தரையில் உரசுகிறது. கதவுக்கு அடியிலிருந்து ஆரோக்கியத்தின் வீங்கிய விரல் ஒன்று மெல்ல வெளியே வருகிறது. குட்டி அதை முகர்ந்துவிட்டு நக்குகிறது. கிளாரா அந்த விரலின் மேல் பீய்ச்சுகிறாள், பாட்டில் காலியாகும்வரை.